நிழற்படக் கருவியின் தோள்வார்: கழுத்தில் ஏறிய ஒரு வரலாறு



விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு விழா, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை எனப் பள்ளியில் ஆண்டு முழுவதும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. அவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் நிழற்படக் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு காலை முதல் மாலை வரை நிற்கிறார். கருவி வாங்குவதென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதன் விலை, வில்லை, உத்தரவாதம் எல்லாம் விரிவாகப் பேசப்படும். அக்கருவியைத் தாங்கப்போகும் வாரைப் பற்றி மட்டும் எவரும் ஒரு சொல் பேசுவதில்லை. பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை எடுத்து மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

எந்த வார் நல்லது என்று சக ஆசிரியர்கள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டனர். கடைப் பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்புவது எளிது. ஆயினும் அந்த வார் எப்படித் தோன்றியது, எந்தக் குறையைப் போக்க எந்த மாற்றம் வந்தது என்பதை அறிந்தால், கடையில் நிற்கும்போது நாமே முடிவு செய்யலாம் என்று தோன்றியது. அதன் பயனே இக்கட்டுரை.

'வார்' என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஸ்ட்ராப்' என்று பேச்சில் வழங்குவதற்குத் தமிழில் 'வார்' என்னும் அழகிய சொல் உண்டு. தோலை நீளமாக அறுத்து எடுத்த பட்டையே வார். செருப்புக்கு வார் உண்டு. இடுப்பில் கட்டுவது இடைவார். மகிழுந்தில் அணிவது இருக்கை வார். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டு முதல் பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கை வார் அணிவது கட்டாயமானது நினைவிருக்கலாம்.

ஊர்வலத்தில் தவில் வாசிப்பவர் தம் கருவியைத் தோளிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பதைப் பார்த்திருப்போம். தோட்டப்புறத்தில் நம் பாட்டன் பாட்டியர் பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டி, தோளில் சமமாகச் சுமந்தனர். சுமையைக் கழுத்தில் ஏற்றாமல் தோளுக்குக் கொடுப்பது, ஒரு பக்கமாகச் சாயவிடாமல் பங்கிடுவது ஆகிய இரண்டையும் உழைக்கும் மக்கள் முன்பே அறிந்திருந்தனர். நிழற்படத் துறை அதைக் கற்றுக்கொள்ள நீண்ட காலம் எடுத்துக்கொண்டது.

தோளில் ஏற முடியாத காலம்

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டின் டாகேர் என்பாரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அம்முறைக்கு வேண்டிய பெட்டி, முக்காலி, தகடுகள், வேதிப்பொருள்கள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோகிராம் எடையிருந்தன. இதற்கு வார் எதற்கு? ஆள்தான் வேண்டும், வண்டியும் வேண்டும்.

இக்கலை நம் வட்டாரத்துக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. 1843-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் லண்டன் விடுதியை நடத்திய காஸ்டன் டுட்ரொங்குவா, டாகேர் முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். படம் எடுத்துக்கொள்ள விரும்பியவர்தாம் கருவி இருக்கும் இடத்துக்கு வரவேண்டியிருந்தது. கருவி அவரைத் தேடிச் செல்லவில்லை.

1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். படம் தெளிவாக விழுந்தது. ஆனால் கண்ணாடித் தகட்டில் பூசிய கரைசல் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆகவே இருட்டறையையும் உடன் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. 1855-இல் கிரைமியப் போரைப் படமெடுக்கச் சென்ற ரோஜர் ஃபென்டன், மது வணிகர் ஒருவரின் வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றிக்கொண்டார். ஐந்து கருவிகளும் 700 கண்ணாடித் தகடுகளும் அவருடன் சென்றன. 1862-இல் சிங்கப்பூருக்கு வந்து நிழற்பட நிலையம் அமைத்த ஜான் தாம்சன், 1866-இல் அங்கோர் வாட்டைப் படமெடுக்கச் சென்றபோதும் இதே சுமைதான். காட்டு வழியில் அதைச் சுமந்தவர்கள் கூலியாட்கள். அக்காலப் படங்களைப் பார்க்கும்போது எடுத்தவரின் பெயரை மட்டுமே படிக்கிறோம். அவற்றுக்காகத் தோள் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

கழுத்தில் தொங்கிய ஒற்றன்

1871-இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு மேடாக்ஸ் உலர் தகட்டு முறைக்கு வழிகாட்டினார். தகட்டை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம், பின்னர் கழுவலாம். இருட்டறை வீட்டிலேயே தங்கிவிட்டது. கருவி சிறுத்தது.

சிறுத்தவுடன் முதலில் தோன்றிய ஆசை மறைத்து வைப்பதுதான். 1886-இல் ஸ்டெர்ன் நிறுவனம் வட்டத் தட்டு வடிவக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைக் கழுத்தில் தொங்கவிட்டு மேலங்கிக்குள் மறைத்துக்கொள்வார்கள். பொத்தான் துளை வழியே வில்லை மட்டும் எட்டிப் பார்க்கும். உள்ளிருந்து வரும் நூலை இழுத்தால் படம் விழும். ஒரே வட்டத் தகட்டில் ஆறு சிறு படங்கள். நார்வே நாட்டின் கார்ல் ஸ்டோர்மர், மாணவராக இருந்த 1890-களில் இக்கருவியை அணிந்துகொண்டு இன்றைய ஓஸ்லோ நகரத் தெருக்களில் எதிர்ப்பட்டவர்களைப் படமெடுத்தார். வணக்கம் சொல்லித் தொப்பியைத் தூக்கியவர்கள் தாம் படம்பிடிக்கப்படுவதை அறியவில்லை. இவர் பிற்காலத்தில் துருவ ஒளியை ஆராய்ந்து புகழ்பெற்ற கணித அறிஞர். கழுத்தில் கருவி தொங்கிய வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இவருக்கும் ஓர் இடம் உண்டு.

1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' கருவியை வெளியிட்டார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். சுருள் முடிந்ததும் கருவியையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பிவிட்டால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவிப் புதிய சுருளிட்டுத் திருப்பி அனுப்புவர். அந்த 25 டாலரில் தோள்வாருடன் கூடிய தோல் உறையும் அடக்கம் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வார் கருவியில் இல்லை, உறையில் இருந்தது. பயணம் போகும்போது தோளில் மாட்டிக்கொள். படமெடுக்க வேண்டுமானால் உறையைத் திறந்து கருவியை வெளியே எடு என்பதே அன்றைய முறை. அதாவது வார் பயணத்துக்கு மட்டும் உதவியது. படமெடுக்கும் நேரத்தில் கருவிக்குக் கையைத் தவிர வேறு காவல் இல்லை.

1900-இல் ஒரு டாலர் விலையில் 'பிரவுனி' வந்தது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. சிறுவர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட பெட்டி அது. நிழற்படம் பிள்ளைகளின் கைக்கு எட்டியது அப்போதுதான்.

கைவாரும் கழுத்துவாரும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டு வழிகள் பிரிந்தன.

ஒன்று கைவார். 1912-இல் வந்த 'ஸ்பீட் கிராஃபிக்' அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் கருவியாயிற்று. பெரிய பெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு தோல் பட்டை. இடக்கையை அப்பட்டைக்குள் நுழைத்துக்கொண்டால் கருவி கையோடு ஒட்டிக்கொள்ளும். 1945 பிப்ரவரியில் ஈவோ ஜீமா தீவில் கொடியேற்றும் வீரர்களை ஜோ ரோசென்தால் படமெடுத்தது இவ்வகைக் கருவியால்தான்.

மற்றொன்று கழுத்துவார். 1929-இல் ஜெர்மனியில் 'ரோலைஃபிளெக்ஸ்' வெளிவந்தது. இரண்டு வில்லைகள் மேலும் கீழுமாக அமைந்த கருவி. வயிற்றளவில் வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இங்கே வார் புதியதொரு பணியை ஏற்றது. கருவியைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தினால் கழுத்துவார் விறைப்பாகும், இரு கைகளும் கழுத்துமாக மூன்று பிடிகள் கிடைக்கும், கருவி அசையாது. முக்காலி இல்லாத இடத்தில் உடம்பே முக்காலியாயிற்று. இந்த உத்தி இன்றும் பயன்படும். மண்டபத்தில் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது, வாரை விறைப்பாக்கிக்கொண்டு படமெடுத்துப் பாருங்கள்; படம் கலங்குவது குறையும்.

1925-இல் லைப்சிக் கண்காட்சியில் 'லைக்கா' அறிமுகமானது. திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய அந்தச் சின்னஞ்சிறு கருவி அரைக் கிலோகிராம் அளவிலேயே இருந்தது. தொடக்க லைக்காவின் உடலில் வாரை மாட்ட இடமே இல்லை. சட்டைப் பைக்குள் போகும் கருவிக்கு வார் எதற்கு என்று எண்ணியிருக்கலாம். 1933-இல் வந்த மூன்றாம் வகை லைக்காவில்தான் உடலின் இருபுறமும் சிறு உலோகக் காதுகள் பொருத்தப்பட்டன. கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆனால் வார் உறையை விட்டுக் கருவிக்கே இடம் மாறியதை அக்காதுகள் காட்டுகின்றன. கழுத்திலிருந்து கண்ணுக்கு ஒரு நொடியில் தூக்கலாம். கை நழுவினாலும் கருவி தரையைத் தொடாது. இன்று நம் கருவிகளில் இருக்கும் காதுகள் அந்த மரபில் வந்தவையே.

வெப்ப மண்டலத்தில் தோல்

குளிர் நாட்டில் செய்த கருவி நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுப்பது கடினம். பசை இளகும், மரப் பொருத்துகள் விலகும், தோலில் பூஞ்சணம் பிடிக்கும். இதனால் ஐரோப்பிய நிறுவனங்கள் குடியேற்ற நாடுகளுக்கென்றே 'வெப்ப மண்டல' வகைக் கருவிகளைத் தேக்கு மரத்தாலும் பித்தளைப் பட்டைகளாலும் செய்தன. அவற்றின் அழகைக் கண்டு இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கின்றனர். அன்று அது அழகுக்காகச் செய்ததன்று.

இதில் நமக்குப் பாடம் உண்டு. தோல் வார் பார்ப்பதற்கு மிடுக்கானது; பழகப் பழகக் கழுத்துக்கு மெதுவாகவும் இருக்கும். ஆனால் வியர்வை ஊறி, பள்ளி அலமாரிக்குள் நீண்ட விடுமுறை முழுவதும் கிடந்தால் வெள்ளை பூத்துவிடும். தையல் நூல் உள்ளுக்குள் மக்கியிருப்பது வெளியே தெரியாது. தோல் வார் வைத்திருப்போர் அதைத் துடைத்துக் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். தையலை மாதம் ஒரு முறையாவது இழுத்துப் பார்க்க வேண்டும்.

அகலம் கூடிய கதை

1959-இல் 'நிக்கான் எஃப்' வெளிவந்தது. ஆடி வழியே பார்க்கும் வகைக் கருவிகள் அதன்பின் பத்திரிகைத் துறையை ஆண்டன. தொலைவில்லை, மின்விசை, ஒளிவிளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர, கழுத்தில் தொங்கும் எடை கூடிக்கொண்டே போனது. பெரும்பாலும் வார் மட்டும் அதே மெல்லிய தோல் பட்டை.

இங்கே சிறிய கணக்கு ஒன்று போடலாம். வகுப்பிலும் இதைச் செய்து காட்டலாம். கருவியின் எடை 1.2 கிலோகிராம் என்க. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வார், கழுத்தில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிந்தால் தொடும் பரப்பு 12 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் சுமை. அதே கருவியை 4 சென்டிமீட்டர் அகல வாரில் தொங்கவிட்டால் பரப்பு 48 ஆகிறது. சுமை 25 கிராமாகக் குறைகிறது. எடை குறையவில்லை, அழுத்தம் நான்கில் ஒன்றாயிற்று. பள்ளிப் பையின் பட்டை ஏன் அகலமாக இருக்க வேண்டும் என்பதற்கும் விளக்கம் இதுவே.

1970-களில் வண்ணப் பூ வேலைப்பாடமைந்த அகலத் துணி வார்கள் இளையோரிடையே பரவின. நாகரிகத்துக்காக வந்தவைதாம்; ஆயினும் கழுத்துக்கு நன்மை செய்தன. பின்னர் 1930-களில் டூபான்ட் ஆய்வகம் உலகுக்கு அளித்த இரண்டு பொருள்கள் இத்துறையில் நிலைபெற்றன. ஒன்று நைலான், உறுதியானது, ஈரத்தில் மக்காதது. மற்றொன்று நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். முக்குளிப்போர் உடைக்குப் பயன்படுவது. நியோப்ரீன் வார் சற்றே நீண்டு சுருங்குவதால் நடக்கும்போது ஏற்படும் குலுக்கலைத் தான் வாங்கிக்கொள்ளும். கருவி எடை குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் ஓடினால் கருவி மேலும் கீழும் துள்ளும். பிலடெல்பியா நகரின் நாளேட்டு நிழற்படக்காரர் ஜிம் டோம்கி உருவாக்கிய பைகளும் வார்களும் இன்னொரு வழியைக் காட்டின. பருத்திப் பட்டையில் ரப்பர் இழைகளை ஊடு நெய்து, வார் தோளிலிருந்து வழுக்காமல் செய்தார்கள்.

1980-களுக்குப் பிறகு நிறுவனங்கள் தம் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்த வார்களைக் கருவியோடு கொடுத்தன. அவை சுமப்பவருக்கு உதவின. நிறுவனத்துக்குச் செலவில்லாத விளம்பரமாகவும் ஆயின. கூட்டத்தில் எந்தக் கருவி விலையுயர்ந்தது என்பதைத் திருடனுக்கும் அவையே அறிவித்தன. பெயர் பொறிக்காத எளிய வாரைத் தேர்ந்தெடுக்கும் அனுபவசாலிகள் பலர் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நழுவிய கருவிகள்

வார் என்பது வெறும் சொகுசுப் பொருள் என்று நினைப்போருக்கு விண்வெளியிலிருந்து இரண்டு சான்றுகள் தரலாம்.

1966 ஜூலையில் ஜெமினி 10 விண்கலத்தை விட்டு வெளியே வந்து பணிசெய்த மைக்கேல் காலின்ஸ், தம் ஹாசல்பிளாடு கருவியை இழந்தார். அது விலகி மிதந்து போய்விட்டது. அதனுள் இருந்த படங்களும் போயின. மூன்றாண்டுகளுக்குப் பின் அப்பல்லோ 11-இல் நிலவில் இறங்கியவர்கள், ஹாசல்பிளாடு கருவியை விண்ணுடையின் நெஞ்சுப் பகுதியில் இருந்த தாங்கியில் பொருத்திக்கொண்டு, உடலைத் திருப்பியே இலக்கு வைத்தனர். பின்னும் 2006 டிசம்பரில், இந்திய வம்சாவளியினரான சுனிதா வில்லியம்ஸ் விண்நடையில் இருந்தபோது அவருடைய கருவி இணைப்பிலிருந்து கழன்று மிதந்து சென்றது. உலகின் மிகக் கவனமான பொறியாளர்கள் ஆயத்தம் செய்தும் இணைப்பு விடுபட்டது. நூலோ, நாடாவோ, உலோகமோ, எதுவாயினும் பெரும்பாலும் கைவிடுவது இணையும் இடத்தில்தான்.

அதே 2006 டிசம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் தன் 'வீ' விளையாட்டுக் கருவியின் மணிக்கட்டு வார்களை மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. ஏறக்குறைய 32 லட்சம் வார்கள். வீசி விளையாடும்போது மெல்லிய நூல் அறுந்து, கைப்பிடி பறந்து போனதே காரணம். 0.6 மில்லிமீட்டர் நூலுக்குப் பதில் 1 மில்லிமீட்டர் நூல் தரப்பட்டது. சிறிய மின்னியல் கருவிகளோடு வரும் மெல்லிய மணிக்கட்டு நூலைப் பார்க்கும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1.2 கிலோகிராம் கருவி கை நழுவி 30 சென்டிமீட்டர் விழுந்து, வார் 3 சென்டிமீட்டர் நீண்டு அதை நிறுத்துகிறது என்க. அந்த நொடியில் வார் தாங்கும் சராசரி இழுவிசை ஏறக்குறைய 13 கிலோகிராம் எடைக்குச் சமம். அதாவது பதினொரு மடங்கு. வார் சிறிதும் நீளாததாயின் இது இன்னும் கூடும். கருவியின் எடையை மட்டும் தாங்கினால் போதும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் கருவி, பள்ளி விளையாட்டுப் போட்டியன்று மழைநீர்க் கால்வாய்க்குள் விழுந்தது. வார் அறுந்துபோகவில்லை, பக்கிளுக்குள் நுழைத்த நுனி குட்டையாக இருந்ததால் மெல்ல மெல்ல நழுவி உருவிக்கொண்டுவிட்டது. கருவிக்கு இழப்பீடு கிடைக்கலாம். அவ்வாண்டின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளியில் காலடி வைத்த நாளின் படங்கள் அந்த நினைவட்டையில் இருந்தன. அவற்றை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இந்த இழப்பு நமக்குப் பெரிது. தோட்டங்கள் மூடப்பட்டபோது மூடப்பட்ட, இடம் மாறிய, இணைக்கப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் எத்தனையோ. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டை 2016-இல் கொண்டாடியபோது, பழைய படம் ஒன்று கிடைக்காதா என்று பலர் வீடு வீடாகத் தேடினர். கட்டடம் இல்லாத இடத்தில் படம் ஒன்றே சான்று. நாளை அப்படித் தேடப்போகிறவர்களுக்காகவே இன்று நம் ஆசிரியர் கருவியைச் சுமக்கிறார்.

குறுக்கு வார்

2008-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் சியாட்டல் நகரில் தோன்றிய 'பிளாக்ராப்பிட்' நிறுவனம் குறுக்கு வாரைப் பரவலாக்கியது. ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்காக வரும் வார்; கருவி தலைகீழாக இடுப்பருகே தொங்கும்; தூக்கினால் வாரில் வழுக்கி மேலே வரும். கழுத்துக்குச் சுமையே இல்லை. நாள் முழுவதும் நடப்பவர்க்கு இது பெரும் ஆறுதல்.

ஆனால் ஒரு குறை உண்டு. இவ்வகை வார் பெரும்பாலும் கருவியின் அடியில், முக்காலியைப் பொருத்தும் கால் அங்குலத் திருகுத் துளையில் மாட்டப்படுகிறது. நடக்க நடக்கக் கருவி சுழலும். சுழலச் சுழலத் திருகு தளரும். ஆகவே திருகை அடிக்கடி முறுக்கிப் பார்ப்பதோடு, கருவியின் உலோகக் காதுக்கும் வாருக்கும் இடையே துணைக் கயிறு ஒன்றையும் கட்டிக்கொள்வது அறிவுடைமை.

2010-களில் 'பீக் டிசைன்' நிறுவனம், காதுகளில் சிறு வட்டத் தகடுகளைக் கயிற்றால் கோத்துவிட்டு, வாரை நொடியில் மாட்டவும் கழற்றவும் வழிசெய்தது. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய 90 கிலோகிராம் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணிப்பு. கயிறு தேய்ந்தால் உள்ளிருக்கும் வேறு நிற இழை வெளியே தெரியும்; தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். பொருள் தேயும் என்பதை ஒப்புக்கொண்டு, தேய்ந்ததை அறிவிக்கவும் செய்த இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிள்ளைகளின் கழுத்து

பெற்றோர்கள் இப்பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டுகிறேன். நிழற்பட மன்றத்தில் சேரும் மாணவர்களின் கழுத்தில் நாம் வாரை மாட்டிவிடுகிறோம். இப்போது கைப்பேசிக்கும் கழுத்துக்கயிறு வந்துவிட்டது. கருவியைக் காக்கும் வார் அறுகக் கூடாது. ஆனால் பிள்ளையின் கழுத்தில் சுற்றியிருக்கும் எதுவும், எங்கேனும் சிக்கினால், உடனே விடுபட்டாக வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை.

பிள்ளைகளின் மேலாடைக் கழுத்து நாடாக்கள் சறுக்கு மரத்தில் சிக்கி உயிரிழப்புகள் நேர்ந்ததால், அமெரிக்கப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் அவற்றைத் தவிர்க்குமாறு வழிகாட்டி வெளியிட்டது. மெல்லிய நாடாவுக்கே அந்த நிலை என்றால், 90 கிலோகிராம் தாங்கும் வாரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

எனவே என் கருத்து இது: தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குக் கழுத்துவார் வேண்டா. எடை குறைந்த கருவியும் அகலமான மணிக்கட்டு வாருமே போதும். 2008-இல் ஆடியில்லாக் கருவிகள் வெளிவந்த பிறகு எடை குறைந்தவை பல கிடைக்கின்றன. கழுத்தில் அணியும் அடையாள அட்டைக் கயிறாயினும், இழுத்தால் பிரியும் பிடிப்பு உள்ளதா என்று பாருங்கள். வாருடன் விளையாட்டுத் திடலில் ஓடவோ, ஏறவோ விடாதீர்கள். கருவி உடைந்தால் வேறு வாங்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கருவியையும் வில்லையையும் சேர்த்து எடை பாருங்கள். அரைக் கிலோகிராமுக்குக் கீழ் என்றால் மணிக்கட்டு வார் போதும். ஒரு கிலோகிராமைத் தாண்டினால், ஆசிரியர்க்கு அகலமான தோள்வாரோ குறுக்கு வாரோ நல்லது.

2. கழுத்தில் நேராகத் தொங்கவிடுவதைவிட, தோளிலிருந்து குறுக்காக அணியுங்கள். கழுத்து வலி குறையும்; பறித்துச் செல்வதும் கடினம். நீண்ட நேரம் நின்றால் இடையிடையே தோள் மாற்றுங்கள்.

3. கருவியோடு இணையும் இடத்தை முதலில் சோதியுங்கள். வளையம் விரிந்திருக்கிறதா, தையல் இரட்டைத் தையலா, பிளாஸ்டிக் பக்கிளில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பக்கிளைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் நுனியாவது மிஞ்ச வேண்டும். அந்நுனியை மீண்டும் உள்ளே மடித்து நுழையுங்கள்.

4. உட்புறம் வழுக்காததாக இருக்கட்டும். வியர்வை உறிஞ்சும் பருத்தியோ, துவைக்கக்கூடிய நைலானோ நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது.

5. கடையில் வெறும் வாரைத் தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள். கருவியை மாட்டி, பத்து நிமிடமாவது அணிந்து நடந்து பாருங்கள். உயரம் குறைந்த ஆசிரியைக்கும் உயரமான ஆசிரியருக்கும் ஒரே நீளம் பொருந்தாது. பள்ளியின் பொதுக் கருவியாயின் நீளம் எளிதில் கூட்டிக் குறைக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

6. ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் வாரைச் சோதிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். நிகழ்ச்சி முடிந்த அன்றே படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். எந்த வாரும் முழு உறுதி தர முடியாது.

ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குக் கருவி வாங்கும் சங்கத்தார், நல்ல வாருக்கெனச் சிறு தொகையை ஒதுக்கத் தயங்க வேண்டா. அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக முன்வையுங்கள். அதற்கு முன்பாக, உங்கள் பள்ளி அலமாரியைத் திறந்து, இப்போதிருக்கும் வாரின் தையலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.